வீட்டுக் கணினிக்குத் தனியாக ஆன்டிவைரஸ் வாங்கத்தான் வேண்டுமா?

மாறன்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் விண்டோஸ் 11 இயங்கும் மடிக்கணினி ஒன்று உள்ளது. வாங்கும்போதே அதில் ஒரு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் ஓராண்டு உரிமத்துடன் இருந்தது. அந்த உரிமம் இந்த மாதத்துடன் முடிகிறது. இரண்டு வாரங்களாகத் திரையின் மூலையில் "உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது" என்று சிவப்பு நிற அறிவிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. மனைவி வங்கிப் பணிகளை இதில்தான் செய்கிறார், மகளும் படிப்புக்கு இதையே பயன்படுத்துகிறாள் என்பதால் அவற்றை அலட்சியப்படுத்த மனம் வரவில்லை. பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டுமா, விண்டோஸுடன் வரும் பாதுகாப்பே போதுமா? நண்பர்களில் ஒருவர் கட்டாயம் வேண்டும் என்கிறார், மற்றவர் இந்தக் காலத்தில் எதுவுமே வேண்டாம் என்கிறார்; இருவருமே காரணம் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது அந்தக் காரணம்தான்.

செழியன்:
வணக்கம் மாறன். எதுவுமே வேண்டாம் என்று சொன்ன நண்பரும், தாம் அறியாமலேயே ஓர் ஆன்டிவைரஸைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருப்பார். 2012இல் வெளியான விண்டோஸ் 8 முதல், மைக்ரோசாஃப்ட்டின் டிஃபெண்டர் இயங்குதளத்தின் ஒரு பகுதியாகவே வருகிறது. வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸை நிறுவினால் அது ஒதுங்கி நிற்கும். அதை நீக்கிவிட்டால் டிஃபெண்டர் மீண்டும் தானாகவே பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். ஆகவே உரிமம் முடிந்த மறுநாள் உங்கள் கணினி காவலின்றி நிற்கப்போவதில்லை.

முன்பெல்லாம் இந்த மென்பொருள்கள், ஏற்கெனவே பிடிபட்ட வைரஸ்களின் அடையாளங்களைப் பட்டியலாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோப்பையும் அதனுடன் ஒப்பிட்டுப் பார்த்தன. தீய நிரலை எழுதுபவர் அதைச் சற்றே மாற்றினாலும் அடையாளம் மாறிவிடும் என்பதால், இன்று அதனுடன் சேர்த்து, ஒரு நிரல் ஓடும்போது என்ன செய்கிறது என்பதையும் கண்காணிக்கிறார்கள். ஐயம் எழுந்தால் இணையம் வழியாக, அந்த மென்பொருள் நிறுவனத்தின் சேவையகக் கணினியிடம் கேட்டு உறுதி செய்துகொள்கிறார்கள். இந்த மூன்றையும் டிஃபெண்டரும் செய்கிறது. ஒரு காலத்தில் அது பின்தங்கியிருந்தது உண்மைதான், ஆனால் அந்த நிலை மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

நான் இதைவிட முக்கியமாகக் கருதுவது விண்டோஸ் அப்டேட். 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்ற தீய நிரல் உலகெங்கும் பரவி, கணினிகளிலிருந்த கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் தள்ளிப்போட்டதன் விலையை எத்தனையோ பேர் கொடுத்தார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அப்டேட் வராத கணினியில் எந்த ஆன்டிவைரஸை நிறுவினாலும், சுவரிலுள்ள ஓட்டையை அடைக்காமல் வாசலில் காவலாளை நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

ஒன்றை மட்டும் உடனே பாருங்கள். அந்தச் சிவப்பு அறிவிப்புகள் அனைத்தும் ஆன்டிவைரஸிலிருந்துதான் வருகின்றனவா? சில இணையதளங்கள் "அறிவிப்புகளை அனுமதிக்கவா" என்று கேட்டு இசைவு பெற்றுக்கொண்டு, பின்னர் உலாவியின் வழியாக ஆன்டிவைரஸ் எச்சரிக்கை போன்ற போலிகளை அனுப்புகின்றன.

பூங்கொடி:
செழியன் கூறியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனாலும், என் தந்தையின் கணினியில் கட்டண ஆன்டிவைரஸைத்தான் வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. டிஃபெண்டருடன் இணைந்து போலி இணையதளங்களைத் தடுக்கும் ஸ்மார்ட்ஸ்கிரீன் முழுமையாகச் செயல்படுவது மைக்ரோசாஃப்ட்டின் எட்ஜ் உலாவியில்தான். குரோமுக்கும் ஃபயர்ஃபாக்ஸுக்கும் வேறு பாதுகாப்பு உண்டு என்பதை அறிவேன். இருப்பினும் நான்கு உலாவிகளை மாற்றி மாற்றித் திறக்கும் ஒருவருக்கு, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே வடிகட்டி இருப்பது எனக்கு நிம்மதி. அவர் கணினியின் நிலையை நான் இங்கிருந்தே பார்த்துக்கொள்ளவும் முடிகிறது. நான் கட்டும் பணம் இந்த வசதிக்காகத்தான். அது கூடுதலாக வைரஸ்களைப் பிடிக்கும் என்ற நம்பிக்கையில் இல்லை.

அந்த மென்பொருளால் தடுக்க முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு யாரோ ஒருவர் தொலைபேசியில் அழைத்து, கணினி நிறுவனத்திலிருந்து பேசுவதாகக் கூறி, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் ஒரு மென்பொருளை என் தந்தையைக் கொண்டே நிறுவச் செய்துவிட்டார். அது முறையான நிறுவனம் வெளியிட்ட, நாள்தோறும் பலரும் நல்ல காரியங்களுக்குப் பயன்படுத்துகிற மென்பொருள் என்பதால் ஆன்டிவைரஸ் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொன்னபோது அவருக்கு ஐயம் வந்து மின்சாரத்தை அணைத்ததால் தப்பினோம். அதன்பின் நான் அவருக்குச் சொல்லி வைத்திருப்பது ஒன்றே: தாமாக அழைப்பவர் யாராக இருந்தாலும் அவர் சொல்லி எதையும் நிறுவ வேண்டாம், எனக்கு அழையுங்கள்.

இளவேனில்:
மாறன் அவர்களே, உங்கள் மகள் பயன்படுத்துகிறார் என்றதால் எழுதுகிறேன். விளையாட்டுகளுக்கான ஏமாற்று நிரல்களும், கட்டண மென்பொருள்களின் திருட்டுப் பதிப்புகளும், "நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்" என்ற குறிப்புடனேயே வருகின்றன. அப்படி அணைத்துவிட்டால், கட்டணம் கட்டியதோ இலவசமோ, எதுவும் உதவாது. உள்ளே வரும் நிரல் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை மட்டுமல்லாமல், நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதற்கு அடையாளமாக உலாவி சேமித்துவைக்கும் சிறு குறிப்புகளான குக்கீகளையும் எடுத்துச் செல்லும். அந்தக் குக்கீ கையில் இருந்தால், கைப்பேசிக்கு வரும் குறியெண்ணைக் கேட்காமலேயே பல கணக்குகள் திறந்துகொள்ளும். மகளுக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கிக் கொடுங்கள். டிஃபெண்டரை அணைக்க நிர்வாகியின் கடவுச்சொல் தேவைப்படும்.

புதுப்பிக்காமல் இலவச ஆன்டிவைரஸ் எதற்காவது மாற எண்ணினால், அதன் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். பயனர்களின் உலாவல் விவரங்களைத் திரட்டி விற்றதற்காக, 2024இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், இலவச ஆன்டிவைரஸ் வழங்கும் அவாஸ்ட் நிறுவனம் 1.65 கோடி டாலர் செலுத்த வேண்டுமென ஆணையிட்டது. ஆன்டிவைரஸ், கணினியில் நாம் செய்யும் அனைத்தையும் பார்க்கும் இடத்தில் அமர்ந்திருக்கும் மென்பொருள் என்பதால் இதைச் சிறிய குற்றமாக என்னால் கருத முடியவில்லை.

மாறன்:
அனைவருக்கும் மிக்க நன்றி. செழியன் சொன்னபடி பார்த்தேன். வந்த அறிவிப்புகளில் பாதி உண்மையிலேயே உலாவியின் வழியாக ஏதோ ஒரு இணையதளம் அனுப்பியவை! அதற்கு இசைவு கொடுத்தது யார் என்று வீட்டில் எவருக்கும் நினைவில்லை. உலாவியின் அமைப்புகளில் அந்தத் தளத்தின் அனுமதியை நீக்கிவிட்டேன். உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை என்றும் முடிவு செய்துள்ளேன். பழைய ஆன்டிவைரஸை நீக்கிய பின் டிஃபெண்டர் வேலை செய்கிறதா என்று எப்படி உறுதி செய்வது? கோப்புகளைப் பூட்டும் வகை வைரஸுக்குத் தனியாக ஏதேனும் செய்ய வேண்டுமா?

செழியன்:
நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்குங்கள். ஏதேனும் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த நிறுவனமே நீக்குவதற்கென ஒரு தனி நிரலை வைத்திருக்கும். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பகுதியில் பச்சை அடையாளம் உள்ளதா என்று பாருங்கள். சோதித்துத்தான் பார்க்க வேண்டுமென்றால் ஐகார் சோதனைக் கோப்பு இருக்கிறது. 68 எழுத்துகள் கொண்ட, எந்தத் தீங்கும் செய்யாத கோப்பு அது. ஆன்டிவைரஸ்கள் அதைக் கண்டதும் வைரஸைப் போலவே நடத்த வேண்டும் என்பது பொது ஏற்பாடு. அதைத் தரவிறக்க முயலும்போது டிஃபெண்டர் தடுத்தால் அது விழித்திருக்கிறது என்று பொருள்.

கோப்புகளைப் பூட்டும் வகைக்கு, அதே இடத்தில் "கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்" என்ற வசதி உள்ளது. அது இயல்பாக அணைந்தே இருக்கும், நீங்கள்தான் இயக்க வேண்டும். இயக்கிய பின், அறிமுகமில்லாத நிரல் எதுவும் உங்கள் ஆவணங்களிலும் படங்களிலும் கைவைக்க முடியாது. தொடக்கத்தில் மகளின் விளையாட்டுகள் சிலவற்றையும் அது தடுக்கலாம். அப்போது பொறுமையிழந்து மொத்தமாக அணைத்துவிடாமல், தடுக்கப்பட்ட நிரல் நம்பகமானது என்று தெரிந்தால் அதை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேருங்கள். அத்துடன் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் வாரம் ஒருமுறை பேக்கப் எடுத்து, முடிந்ததும் அதைக் கழற்றி வையுங்கள். செருகியபடியே இருந்தால் கணினியில் உள்ளதைப் பூட்டும் வைரஸ் அதையும் சேர்த்தே பூட்டிவிடும்.