புதுப்பிப்பு: அக்கா மகனின் கணக்குத் தேர்வு முடிந்தது

பத்தாம் வகுப்பு படிக்கும் அக்கா மகனுக்குக் கேள்வித்தாளைக் கையில் வாங்கியதுமே கை வியர்த்து எல்லாம் மறந்துபோகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அதிகம் கைகொடுத்தது, முதல் பத்து நிமிடத்தைப் பற்றி ஒருவர் சொன்ன யோசனைதான். பொதுத்தேர்வில் 10 மணி முதல் 10.10 வரை கேள்வித்தாளை வாசிக்க மட்டும்தான் நேரம். அதைப் பழைய தாள்களை வைத்து வீட்டிலேயே பழக்கினோம். பேனாவைத் தொடாமல் முதலில் கடைசிப் பக்கம்: வடிவியல், வரைபடம், எட்டெட்டாக 16 மதிப்பெண். அவனுக்கு வரைவது பிடிக்கும். தெரிந்ததைப் பார்த்ததும் படபடப்பு இறங்கிவிடுகிறது. அப்புறம் கட்டாய வினாக்கள் 28, 42. மூச்சை இழுத்ததைவிட மெதுவாக விடுவதும் உதவியது. தியானச் செயலி ஒரு நாளோடு சரி.

தேர்வன்று காலை இரண்டு இட்லிதான் இறங்கியது, அக்கா வற்புறுத்தவில்லை (அதுவே பெரிய விஷயம்!). முடிந்ததும் வாசலில் விடை ஒப்பிடும் கூட்டத்தில் நிற்காதே என்று சொல்லியிருந்தோம். நின்றுவிட்டுத்தான் வந்தான். ஒரு மதிப்பெண் வினா ஒன்று போச்சாம்.

இனி அறிவியல். அதில் எந்தக் கேள்வியை முதலில் பார்க்கச் சொல்லலாம்?