அப்பத்தா வீடு 🏡 (குடும்பக் குழு)

வெள்ளி, சாயங்காலம் 6:10

கண்ணன்: ஜீப்புக்கு பின் லைட்டு ரெண்டும் எரியல

கண்ணன்: நாளைக்கு ராத்திரி வத்தலக்குண்டு எறங்கி சுகன்யா பிள்ளை காதுகுத்துக்கு சாமான் ஏத்தணுமே

கண்ணன்: இன்னொண்ணு. பிரேக் மிதிச்சா வலது பக்கம் நல்லா எரியுது, இடது பக்கம் சுத்தமா இல்ல. ஆனா முன்னாடி இடது இண்டிகேட்டர் மங்கலா மினுங்குது 🤔

பாண்டி மாமா: பின்னாடி மிதிச்சா முன்னாடி எரியுதா. பேய்தான்

தமிழரசி அத்தை: சும்மா இருங்க நீங்க. கண்ணா சமையக்காரரு முன்பணம் வாங்கிட்டாரா

சுகன்யா: அண்டா எத்தனை சொல்லியிருக்கு சித்தப்பா?

செல்வராஜ்: 3

சுகன்யா: 3 பத்துமா? 150 பேரு சித்தப்பா

செல்வராஜ்: பத்தும்

ராஜாங்கம்: கண்ணா, பதறாத. இது ரெண்டு தனித்தனி கோளாறு, ஒண்ணா போட்டுக் குழப்பிக்காத. முதல்ல இடது பிரேக் லைட்டு. அங்க இருக்கிறது டபுள் காண்டாக்ட் பல்பு. உள்ள ரெண்டு இழை இருக்கும். பிரேக்குக்கு 21 வாட், டெயிலுக்கு 5 வாட். ரெண்டுக்கும் எர்த்து, அதாவது கரண்டு திரும்புற வழி, ஒண்ணுதான், பல்போட பித்தளை அடிப்பாகம் வழியா ஹோல்டர், ஹோல்டர்லருந்து பாடி. அந்த எர்த்து விட்டுப்போச்சுன்னா கரண்டு சும்மா நிக்காது, வேற பாதை தேடும். பக்கத்துல இருக்கிற இண்டிகேட்டர் பல்புக்குள்ள பின்வாசல் வழியா ஏறி, அதே வயர்ல முன்னாடி இண்டிகேட்டர் வரைக்கும் ஓடி, அங்க எர்த்தப் புடிக்கும். ஆக மொத்தம் மூணு பல்பு வரிசையா வந்துடுது. 12 வோல்ட்ட மூணு பேரு பங்கு போட்டா ஆளுக்கு 4 வோல்ட்டுதான். அதான் அந்த மினுங்கல். பேயும் இல்ல பிசாசும் இல்ல.

முத்து: மூணு பேரு பங்கு போட்டா ஒருத்தருக்கும் வெளிச்சம் இல்லங்கிறீங்க மாமா 😂

தமிழரசி அத்தை: முத்து

செல்வராஜ்: 😐

முத்து: நான் லைட்ட சொன்னேன்மா

ராஜாங்கம்: ரெண்டாவது கோளாறு. டெயில் லைட்டு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல போனா அது பல்பா இருக்காது. ஃபியூஸப் பாரு.

சுகன்யா: அப்பா, பேசாம ஒரு டாடா ஏஸ் வாடகைக்கு எடுத்துக்கலாமே

செல்வராஜ்: உங்க அப்பத்தா ஒத்துக்காது

சுகன்யா: ஏன்

செல்வராஜ்: எங்க அப்பா ஜீப்புலதான் சாமான் மலையேறணுமாம்

தமிழரசி அத்தை: என் காதுகுத்துக்கு இந்த ஜீப்பு கெடையாது. மாட்டு வண்டியில அய்யம்பாளையம் வரைக்கும் போய், அங்கருந்து தலைச்சுமை. யாரும் அழுகல

பாண்டி மாமா: நீ அழுதேன்னு உங்கம்மா சொன்னாங்க

கண்ணன்: ஃபியூஸ் எடத்துல ஃபியூஸே இல்ல. செப்புக் கம்பி சுத்தி வச்சிருக்கு. கருகிக் கெடக்கு

கண்ணன்: (புகைப்படம்)

ராஜாங்கம்: யார் பாத்த வேலை இது

ராஜாங்கம்: செல்வராஜு?

செல்வராஜ்: நான் இல்ல

பாண்டி மாமா: அது வந்து மச்சான், தைப்பூசத்துக்கு பழனி போறப்ப வழியில போயிருச்சு. ராத்திரி 11 மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும். அவசரத்துக்குப் போட்டது. எல்லாரையும் கொண்டு போய்ச் சேத்தேனா இல்லையா

ராஜாங்கம்: சேத்தீங்க மாப்ள. மறுநாளு கழட்டியிருக்கணும். ஃபியூஸ் உருகுறதுக்குன்னே வச்சது. அது உருகாட்டி வயரு உருகும். டெயில் ரெண்டு, நம்பர் பிளேட்டு ஒண்ணு, முன்னாடி பார்க்கிங் ரெண்டு. எல்லாம் 5 வாட். மொத்தமே 25 வாட், 2 ஆம்பியர் சொச்சம். அதுக்கு 10 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். நீங்க சுத்துன கம்பி 50 ஆம்பியர் வந்தாலும் அசையாது. 36 வருஷம் கரண்டு கம்பத்துல ஏறுனவன் சொல்றேன்.

பாண்டி மாமா: மாசத்துக்கு ரெண்டு தடவ சொல்றீங்க மச்சான்

சனி, காலைல 7:35

கண்ணன்: கடையில கண்ணாடி ஃபியூஸ் 10 ஆம்பியர் 5 வாங்கிட்டேன். போட்டு சுவிட்ச தட்டுன ஒடனே போச்சு. ரெண்டாவதும் போச்சு

ராஜாங்கம்: நிறுத்து. மூணாவதப் போடாத. எங்கயோ டெயில் வயரு பாடியில முட்டுது. இப்ப நான் சொல்றபடி செய். டெயில், பார்க்கிங், நம்பர் பிளேட்டு பல்பு அத்தனையும் கழட்டு. ஃபியூஸ் இருக்கிற எடத்துல, ரெண்டு முனைக்கும் நடுவுல ஒரு 21 வாட் பல்ப வயரு வச்சுக் கட்டு. சுவிட்சப் போடு. வயரு நல்லா இருந்தா அந்தப் பல்பு எரியக்கூடாது. எரிஞ்சா ஷார்ட்டு இருக்குன்னு அர்த்தம். பயப்படாத, பல்பே கரண்ட மட்டுப்படுத்திரும், வயரு வேகாது. அப்படியே பல்ப எரியவிட்டுட்டு ஜீப்புக்கு அடியில போயி, முன்னாலருந்து பின்னால வரைக்கும் வயரப் புடிச்சு அசைச்சுக்கிட்டே வா. எந்த எடத்துல அசைக்கிறப்ப பல்பு அணையுதோ அதான் எடம். பல்பப் பாத்துச் சொல்ல ஒரு ஆள வச்சுக்க.

தமிழரசி அத்தை: அண்ணே, நிலக்கோட்டையில பூ சொல்லியாச்சா

ராஜாங்கம்: சொல்லியாச்சு

தமிழரசி அத்தை: எத்தன கிலோ

சுகன்யா: அத்தை, ஃப்ளெக்ஸ் டிசைன் அனுப்புறேன் பாருங்க

சுகன்யா: (புகைப்படம்)

தமிழரசி அத்தை: மாமா படம் எங்க

சுகன்யா: எந்த மாமா

தமிழரசி அத்தை: உங்க மாமா. பாண்டி மாமா. எல்லாரும் இருக்காங்க, பக்கத்து வீட்டு நாய் வரைக்கும் இருக்கு

சுகன்யா: அது எங்க வீட்டு நாய்தான் அத்தை 😭 மாத்தச் சொல்றேன்

பாண்டி மாமா: ஃபியூஸ் கம்பி கதைக்காக எடுத்துட்டாங்க போல

காலைல 9:20

கண்ணன்: கெடச்சிருச்சு!!

கண்ணன்: அப்பத்தா பல்பு முன்னாடி ஸ்டூலு போட்டு உக்காந்து "எரியுது, எரியுது, எரியுது"ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. பின் பம்பருக்கு முன்னாடி, சேசிஸ் குறுக்குச் சட்டத்துல வயரு நுழையற ஓட்டையத் தொட்ட ஒடனே "போச்சுடா"ன்னுச்சு

கண்ணன்: ஓட்டையில ரப்பர் வாஷர் இல்ல. இரும்பு விளிம்புல வயரு தேஞ்சு தேஞ்சு தோலு போயிருச்சு. ஒரு சாண் நீளத்துக்குக் கருகியிருக்கு. உள்ள செம்பு பச்சையா களிம்பு புடிச்சுக் கெடக்கு

ராஜாங்கம்: அதேதான். சேறும் தண்ணியும் அடிச்சு அடிச்சு கம்பிக்குள்ள ஏறிருக்கும். செம்பு பளபளன்னு தெரியற வரைக்கும் பின்னாடி வெட்டிக்கிட்டே போ. பச்சையிலயோ கருப்புலயோ ஒட்டுப் போட்டா ஒரு மழைக்குத் தாங்காது. வயரு கலர நம்பாத. 91ல வந்த வண்டி, எத்தன பேரு கை பட்டிருக்கோ. டெஸ்ட் லைட்டு வச்சுப் பாத்து ஒவ்வொண்ணுக்கும் சீட்டு எழுதிக் கட்டிட்டு அப்புறம் வெட்டு.

கண்ணன்: வெட்டிட்டேனே

ராஜாங்கம்: எத்தன?

கண்ணன்: மூணு

ராஜாங்கம்: 🤦

முத்து: மச்சான் பேசாம எல்இடி போட்டுரு. வத்தலக்குண்டுல 300 ரூவாதான்

ராஜாங்கம்: தங்கத்துல பல்பு போட்டாலும் எர்த்து இல்லாட்டி எரியாது முத்து.

கண்ணன்: அத விடுங்க பெரியப்பா. இடது டெயில் லேம்ப கழட்டுனேன். பின்னாடி தகட்டுல பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சிருக்கு. ஜீப்பு பச்ச வேற, இந்தப் பச்ச வேற

கண்ணன்: (புகைப்படம்)

கண்ணன்: அதனாலதான் எர்த்து இல்ல. ஸ்க்ரூ பெயிண்டு மேலயே உக்காந்திருக்கு, இரும்பத் தொடவே இல்ல. தகடு உள்பக்கமா நசுங்கி நிமித்துன மாதிரி இருக்கு. யாரு இடிச்சது?

செல்வராஜ்: நான் இல்ல

பாண்டி மாமா: நானும் இல்ல. என் கணக்கு ஃபியூஸோட முடிஞ்சது

முத்து: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

சுகன்யா: முத்து 👀

தமிழரசி அத்தை: என்னடா அழிச்ச

கண்ணன்: பொங்கலுக்கு நீதான மச்சான் ரெண்டு நாளு வண்டிய எடுத்துட்டுப் போன? "கரும்பு ஏத்தப் போறேன்"னு

முத்து: பலா மரம் மச்சான். ரிவர்ஸ்ல வரும்போது

முத்து: பலா மரம்தான் முன்ன வந்து நின்னுச்சு

செல்வராஜ்: அந்த மரம் 40 வருஷமா அங்கதான் நிக்குது

முத்து: அன்னிக்கு செம பனி சின்ன மாமா. கை நீட்டுனா கை தெரியல. ஒடனே டிங்கரிங் குடுத்து சரி பண்ணித்தான விட்டேன். 2200 ரூவா என் காசு

ராஜாங்கம்: எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எர்த்து போல்ட்டுக்கு அடியில பெயிண்ட சுரண்டச் சொல்லியிருப்பேன்.

தமிழரசி அத்தை: இதுக்குத்தான் சொல்லல. சொன்னா ஏழு வருஷம் பேசுவீங்க. எங்க வீட்டுப் பிள்ளைன்னா உங்களுக்கு எப்பவுமே இளக்காரந்தான்ணே. சுகன்யா விசயத்துலயே பாத்தோமே

சுகன்யா: அத்தைஐஐ 🙏 எனக்கு நாளைக்கு பிள்ளைக்கு காதுகுத்து

பாண்டி மாமா: அரசி, போன கீழ வச்சிட்டு வந்து சாப்பிடு

மத்தியானம் 12:48

கண்ணன்: கரண்டு இல்ல இங்க. சோல்டரிங் அயர்ன் சுடல

செல்வராஜ்: 3 மணிக்கு வரும்னாங்க

ராஜாங்கம்: இருக்கிற நேரத்துல எர்த்து வேலைய முடி. உப்புத்தாள் போட்டு தகட்ட வெள்ள இரும்பு தெரியற வரைக்கும் தேய். தகட்ட மட்டும் நம்பாம, ஒவ்வொரு லேம்ப்லருந்தும் தனியா ஒரு கருப்பு வயரு இழுத்து சேசிஸ் போல்ட்டுல லக் (வயரு முனையில மாட்டுற வளையம்) வச்சு முறுக்கிரு. ஒன்றரை எம்எம் போதும். முறுக்குன பிறகு மேல கிரீஸ் தடவு. ஹோல்டர் உள்ளயும் துரு இருக்கும், சுரண்டிட்டு துளி வேசலின். ஓட்டைக்கு வாஷர் கெடைக்காட்டி பழைய சைக்கிள் டியூபு வெட்டி வயருக்கு சட்டை மாதிரி மாட்டி விடு. அப்புறம் முக்கியமா, ஒட்டுப் போடுறதுக்கு முன்னாடியே வயர்ல ஸ்லீவ, அதான் ஒட்ட மூடுற குழாய, மாட்டிக்க. அத மறந்தா

கண்ணன்: பெரியப்பா கரண்டு வந்துருச்சு, அப்புறம் படிக்கிறேன்

2:15

கண்ணன்: மூணு ஒட்டும் போட்டாச்சு 💪

கண்ணன்: ஸ்லீவு மாட்ட மறந்துட்டேன்

ராஜாங்கம்: படிச்சியா நான் போட்டத

கண்ணன்: இப்பதான் படிச்சேன்

பாண்டி மாமா: 😂😂😂 ரெத்தம் பேசுது. எங்க வீட்டு மருமகன்

கண்ணன்: ஒட்ட வெட்டி மறுபடி போடணுமா, இல்ல இன்சுலேஷன் டேப் போதுமா

ராஜாங்கம்: டேப்பு பசை வெயிலுக்கு இளகிரும், தூசி ஒட்டும், ஆறு மாசத்துல வாலு மாதிரி தொங்கும். வெட்டு.

செல்வராஜ்: இன்னிக்கு டேப் போதும்ணே. திங்கக்கிழம பாத்துக்கலாம்

ராஜாங்கம்: உன் திங்கக்கிழமை எனக்குத் தெரியும் செல்வராஜு. ஆர்.சி. பேரு மாத்துறதுக்கும் திங்கக்கிழமன்னுதான் சொன்ன. இன்னும் அப்பா பேர்லதான் ஓடுது வண்டி.

செல்வராஜ்: யாரு பேருக்கு மாத்தன்னு நீங்கதான் சொல்லல

தமிழரசி அத்தை: 👀

சுகன்யா: பாயாசம் பாசிப்பருப்பா சேமியாவா? சமையக்காரரு கேக்குறாரு. யாராவது சொல்லுங்க

பாண்டி மாமா: சேமியா

தமிழரசி அத்தை: பாசிப்பருப்பு

சாயங்காலம் 6:32

கண்ணன்: (வீடியோ)

கண்ணன்: எரியுது 🔴🔴 பிரேக் ரெண்டு பக்கமும் ஓகே. முன்னாடி மினுங்கல் போச்சு. ஃபியூஸ் நிக்குது

சுகன்யா: வாவ் கண்ணா ❤️ தாய்மாமன்னா இப்படி இருக்கணும்

ராஜாங்கம்: நம்பர் பிளேட்டு லைட்டு தெரியலையே வீடியோவுல

கண்ணன்: அதுக்கு பல்பு இல்ல

ராஜாங்கம்: சட்டப்படி அதுவும் வேணும். 15 மீட்டர்லருந்து நம்பர் படிக்கத் தெரியணும். டெயில் லைட்டு செவப்பு 155 மீட்டருக்குத் தெரியணும். தள்ளி நின்னு பாத்தியா?

கண்ணன்: அப்பா கோயில் வளைவு வரைக்கும் நடந்து போய்ப் பாத்தாரு

ராஜாங்கம்: தெரிஞ்சுதா

செல்வராஜ்: பனி

ராஜாங்கம்: பனியில தெரிஞ்சுதா தெரியலையா

செல்வராஜ்: ஒண்ணு தெரிஞ்சது

கண்ணன்: வலது பக்கக் கண்ணாடி கீறல், உள்ள தண்ணி. அதான் மங்கல். செவப்பு கலர் பேப்பர் ஒட்டவா?

ராஜாங்கம்: ஒட்டாத. கண்ணாடியக் கழட்டி தொடச்சு காயவச்சு மாட்டு.

செல்வராஜ்: டேப்பு போட்டிருக்கான்ணே. வெட்டல

ராஜாங்கம்: தெரியும். வீடியோவுல பாத்தேன்.

முத்து: ராத்திரி வண்டி நான் ஓட்டுறேன். 9 மணிக்கு வத்தலக்குண்டுல அண்டா கைக்கு வந்துரும்

சுகன்யா: வேணாம்

கண்ணன்: வேணாம் மச்சான்

செல்வராஜ்: வேணாம்

தமிழரசி அத்தை: ஏன் வேணாம்

கண்ணன்: அப்பத்தா பக்கத்துல நின்னு சொல்லுது, அப்படியே போடுறேன்: "முத்துவே ஓட்டட்டும். பலாமரத்த வெட்டியாச்சுன்னு சொல்லு"

முத்து: அம்மாச்சிஇஇ

செல்வராஜ்: வெட்டல

பாண்டி மாமா: வழியில காட்டுமாடு நிக்கும், அதுக்கும் லைட்ட காட்டிட்டு வாங்கடா

ராஜாங்கம்: மீதி ஃபியூஸ் எத்தன இருக்கு கண்ணா

கண்ணன்: 2

ராஜாங்கம்: ரெண்டையும் டேஷ்போர்டுல வை. மாப்ள கைக்கு எட்டாத எடமா வை.

சுகன்யா: சரி, கடைசியா யாரு ஓட்டுறது? பாயாசம் என்ன?

தமிழரசி அத்தை: வாழை இலை யாரு சொன்னீங்க

செல்வராஜ்: இலையா