எவர்சில்வர் சட்டியில் புளிக்குழம்பு வைக்கலாமா? புதிதாக ஜெர்மனி வந்த தம்பிக்கு

தம்பி, அம்மா கொடுத்துவிட்ட எவர்சில்வர் சட்டியைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். புளி விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள்.

நானும் அம்பாசமுத்திரம் பக்கம்தான். வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை சட்டி நிறையப் புளிக்குழம்பு வைத்து, அதே சட்டியோடு ஃபிரிட்ஜில் ஏற்றி, வியாழன் வரை ஓட்டுவேன். ஒருநாள் கழுவும்போது பார்த்தால், அடியில் ஊசியால் குத்தினதுபோலப் புள்ளி புள்ளியாகப் பள்ளம். பச்சைத் தண்ணீரிலேயே கல்லுப்பைப் போட்டதில், அது கரையாமல் அடியில் தங்கி அரித்திருக்கிறது. அதிலிருந்து கொதி வந்தபிறகுதான் உப்புப் போடுகிறேன்.

நல்ல எவர்சில்வர் என்பது 304 ரகம்: 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். புளிப்பில் நேரம் கூடக் கூட இவை இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்பில் இறங்கும். 2013இல் அமெரிக்காவில் தக்காளி சாஸை 6 மணி நேரம் வேகவைத்துப் பார்த்தார்கள். புதுப் பாத்திரத்தில்தான் அதிகம் இறங்கியது. ஆறாவது சமையலுக்குப் பிறகு ஒரு அளவில் நின்றது. பத்தாவது தடவையில் 126 கிராம் சாஸில் சராசரி 88 மைக்ரோகிராம் நிக்கல். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 13 மைக்ரோகிராம்; 60 கிலோ ஆளுக்கு 780. அதனால் பயம் வேண்டாம். ஆனால் கவரிங் கம்மல், வாட்ச் பட்டை பட்டால் நிக்கல் ஒவ்வாமையால் அரிப்பு வருகிறவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த தடவை ஊருக்குப் போய் திருநெல்வேலி டவுன் ரத வீதியில் பாத்திரம் எடுத்தால், 304 என்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ரகம் என்பதை நம்பாதீர்கள். மாங்கனீசு கூடுதலாகச் சேர்த்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது; அது புளி, உப்பை அவ்வளவாகத் தாங்காது. இன்டக்‌ஷன் அடுப்பு என்றால் மட்டும் அடியில் காந்தம் ஒட்டியாக வேண்டும்.

எங்கள் வீட்டில் புளிக்குழம்புக்கென்றே காருகுறிச்சி மண்சட்டி தனியாக இருக்கும். இங்கே இன்டக்‌ஷனில் அது சூடேறாது. சரி, எவர்சில்வரிலேயே வையுங்கள். இறக்கி ஆறினதும் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். காலி ஊறுகாய் பாட்டிலே போதும்.