முதுகில் அடிபட்டு வேலைக்குத் திரும்பும்போது டாக்டர் சீட்டில் 'லைட் டியூட்டி' என்று மட்டும் இருந்தால் போதுமா?

சுமைதாங்கி:
கிடங்கில் பெட்டி தூக்கும்போது கீழ் முதுகில் டிஸ்க் பிதுங்கிவிட்டது. திங்கள்கிழமை முதல் வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சீட்டில் "லைட் டியூட்டி, பாரம் தூக்கக் கூடாது" என்று ஒரே வரி. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டச் சொல்கிறார் சூப்பர்வைசர். இரவில் நரம்பு வலிக்கான பிரிகாபலின் மாத்திரை எடுக்கிறேன். என்ன செய்யலாம்?

நீலவானம்:
அந்த ஒரு வரியோடு உள்ளே போகாதீர்கள். சூப்பர்வைசர் 15 கிலோவையே லைட் என்று நினைக்கலாம். டாக்டர் மனதில் 5 கிலோ இருந்திருக்கும். திங்களுக்குள் சீட்டைத் திருத்தி வாங்குங்கள்.

டாக்டருக்கு உங்கள் வேலை தெரியாது. பெட்டி எத்தனை கிலோ, எந்த உயரத்திலிருந்து எந்த உயரத்துக்கு, மணிக்கு எத்தனை தடவை என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அப்போதுதான் அவரால் எண் போட முடியும். அதிகபட்ச எடை, எத்தனை தடவை, தொடர்ந்து எவ்வளவு நேரம் நிற்கலாம், உட்காரலாம் என்பதெல்லாம் சீட்டில் வரட்டும். தள்ளுவதையும் இழுப்பதையும் தனியாக எழுதச் சொல்லுங்கள், பலரும் விட்டுவிடுவது இதைத்தான். நிற்கும் டிராலியை நகர்த்தத் தொடங்கும் அந்த முதல் உந்தலில்தான் இடுப்பு அதிகம் வாங்கும். மறுபரிசோதனைத் தேதியும் அவசியம்.

திருகாணி:
எடையோடு தூரத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷின் (NIOSH) எடை தூக்கும் சூத்திரப்படி, எல்லாம் சாதகமாக இருந்தால் ஆரோக்கியமானவருக்கே 23 கிலோதான் வரம்பு. அதுவும் கணுக்கால்களிலிருந்து கைப்பிடி 25 செ.மீ. தள்ளி இருக்கும்போது. 50 செ.மீ. ஆனால் அது பாதியாகிவிடும். உங்கள் வரம்பு இதைவிட மிகவும் குறைவு என்பதால், 5 கிலோ பெட்டியையும் கையை நீட்டி எடுக்க வேண்டாம். பெட்டி தரையில் இருக்கக் கூடாது, 75 செ.மீ. உயர மேஜை கேளுங்கள்.

ஃபோர்க்லிஃப்ட் லைட் டியூட்டியே அல்ல. இருக்கையின் அதிர்வு நேராக முதுகெலும்புக்குப் போகும்; ரிவர்ஸ் எடுக்க இடுப்பை முறுக்க வேண்டும். பிரிகாபலினால் தூக்கக் கலக்கமும் தலைச்சுற்றலும் வரலாம், காலையிலும் அது மிச்சமிருக்கலாம். "வண்டி ஓட்டக் கூடாது" என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். வண்டி ஓட்டுவதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினாலும் தொந்தரவு வரும்.

சுமைதாங்கி:
நன்றி. காலை ஷிப்டா, மதிய ஷிப்டா என்று கேட்கிறார்கள். வலி கூடினால் எதை வைத்து முடிவு செய்வது?

நீலவானம்:
மதியம் கிடைத்தால் எடுங்கள். இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்தால் அழுத்தம் அதிகம். காலைதான் என்றால் முன்கூட்டியே எழுந்து நடமாடிவிட்டுப் போங்கள்.

வேலை முடிந்ததும் வலி கொஞ்சம் கூடுவது சகஜம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்தால் அதே அளவில் தொடரலாம். வரவில்லையென்றால் நேரத்தையோ எடையையோ குறைக்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள், எது ஒத்துக்கொள்ளவில்லை என்றே தெரியாமல் போகும்.

வரம்பை மீறிய வேலை சொன்னால், அப்போதே சீட்டைக் காட்டி மறுத்து, "இதைச் செய்ய முடியும்" என்று மாற்று வேலையையும் சொல்லுங்கள். அன்றே தேதியோடு மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள்.

கால் பலம் குறைந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ ஷிப்ட் முடியும்வரை பொறுக்க வேண்டாம். உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.