மூச்சு விடேக்க ‘டிக் டிக்’ சத்தம், போல் பைத்தன் (Ball Python) பாம்புக்குச் சளியோ?

நிலாமுற்றம், ஸ்காபரோ

வணக்கம். என்ர பாம்பு கறுவாவுக்கு நாலு வயசு, பெண், 1,420 கிராம். மூண்டு நாளா மூச்சு விடேக்க டிக் டிக் எண்டு கேக்குது, நனைஞ்ச கடதாசியைப் பிரிக்கிற மாதிரி. தோல் கழட்டப் போறாளாக்கும் எண்டு விட்டிட்டன். நேற்று இரவு தலையைக் கண்ணாடியில சாய்ச்சு, மூக்கை மேல நிமித்திக்கொண்டு அரை மணித்தியாலம் அப்பிடியே நிண்டாள். வாயோரத்தில ஒரு சின்னக் குமிழி.

அம்மம்மா ஊரில இருந்து வந்தவ. பாம்பு மேல இருந்தா தனக்கு நித்திரை வராது எண்டா. அதால தை மாசம் பெட்டியை பேஸ்மென்ற்றுக்கு இறக்கினன். ஹீற்றர் ஓடி ஓடி காத்து காஞ்சு, போன முறை தோல் துண்டு துண்டா உரிஞ்சது. அதுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ரெண்டு தரம் பெட்டிக்க தண்ணி தெளிக்கிறன். பெட்டிச் சுவரில ஒட்டின வட்ட வெப்ப மீற்றர் 30 பாகை காட்டுது.

குளியலறையில சுடுதண்ணி திறந்து ஆவி பிடிக்கச் சொல்லி ஒரு சிநேகிதன் சொல்லுறான். வீட்டில மிஞ்சின அமொக்சிசிலின் கிடக்கு. குடுக்கலாமோ?

வெள்ளைப்பனை, பிரம்டன்

தம்பி, அந்தக் குளிசையைத் திருப்பி அலுமாரிக்க வையுங்கோ. ஆவியும் வேண்டாம். நீங்கள் எழுதினதை வாசிக்க எனக்கு நெஞ்சு பதறுது. என்ர பாம்பிட்ட இதே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் பதினொரு நாள் இருந்தனான். சாப்பிடேல்லை, சரி, குளிர்காலம்தானே எண்டு நினைச்சன். பன்னிரண்டாம் நாள் வாயைத் திறந்தபடி கிடந்தது.

பாம்புக்கு எங்களைப் போல உதரவிதானம் இல்லை, இருமித் துப்ப ஏலாது. சீழும் தண்ணியா வராது, கட்டித் தயிர் மாதிரி இறுகிப்போகும். தலையை நிமித்திறது அதுக்கு மூச்சுப் பாதை வேணும் எண்டபடியால்தான். மூக்கில தோல் ஒட்டியிருந்தா விசில் சத்தம் மட்டும் வரும், ஈரப் பஞ்சால துடைச்சா நிக்கும். குமிழி வந்தா அது வேற கதை.

இண்டைக்கே முனை வச்ச டிஜிற்றல் மீற்றர் வாங்கி, அவள் படுக்கிற நிலத்தில வச்சுப் பாருங்கோ. சூடான பக்கம் 32, மற்றப் பக்கம் 27, இரவிலயும் 25க்குக் கீழ போக விடாதேங்கோ. பெட்டிக்க கிடக்கிற ஈரத் தும்பு முழுக்க அள்ளி எறிஞ்சிட்டு பேப்பர் டவல் விரியுங்கோ. ஈரப்பதம் 60 வீதம் போதும். குளிரும் ஈரமும் சேந்தாத்தான் இந்த வில்லங்கம். குடிக்கத் தண்ணி இருக்கட்டும், இரை வேண்டாம். செதிலுக்க கறுப்புப் புள்ளி மாதிரி உண்ணி ஓடுதோ எண்டும் பாருங்கோ.

நாளைக்கே வைத்தியரிட்ட. நாய், பூனை மட்டும் பாக்கிறவை இல்லை, ஊர்வன பாக்கிறவரா எண்டு போனிலயே கேளுங்கோ.

கிளிக்கூடு

நான் மிருக வைத்தியசாலையில உதவியாளரா வேலை செய்யிறன். அக்கா சொன்னது அத்தனையும் சரி. சத்தத்தை போனில பதிவு செய்துகொண்டு போங்கோ, மேசையில வச்ச உடன சில பாம்புகள் அமைதியாகிவிடும். துணிப்பையில போட்டு, றெஜிபோம் பெட்டிக்க சூடு போகாமக் கொண்டு போங்கோ.

வாய்க்குள்ள இருந்து மாதிரி எடுத்து, பாம்பின்ர மூச்சுப் பாதையைத் தாக்கிற நிடோவைரஸ் இருக்கோ எண்டு சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கோ. 2014இல போல் பைத்தன்களில கண்டுபிடிச்சது. அன்ரிபயோற்றிக் அதைக் கொல்லாது. வேற பாம்பு இருந்தா அவளைத் தொட்ட கையோட அதைத் தொடாதேங்கோ.

பக்டீரியாத் தொற்று எண்டா பொதுவா செஃப்டசிடிம் எண்ட அன்ரிபயோற்றிக் ஊசிதான், 72 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, எடைக்கு ஏத்த அளவில. உடம்பின்ர முன்பாதியில போடுவினம். வால் பக்கத்து இரத்தம் முதல் சிறுநீரகத்துக்குப் போறபடியால்.

நிலாமுற்றம்

நிலத்தில மீற்றர் வச்சன். 21. மேல சுவரில 30, அவள் படுத்த இடத்தில 21. ஆறு கிழமையா அவள் அதிலதான் கிடந்திருக்கிறாள், எனக்குத் தாங்க ஏலாமல் கிடக்கு.

வைத்தியர் வாயைத் திறந்து காட்டினார், குரல்வளை வாசலில நூல் மாதிரித் தடிச்ச சளி. மாதிரி எடுத்து அனுப்பியாச்சு, முதல் ஊசியும் போட்டாச்சு. மற்ற ஊசிகளை வீட்டில நானே போட வேணும், ஒரு தரம் செய்து காட்டினவர். பெட்டி இப்ப என்ர அறையில. அம்மம்மா கீழ படுக்கிறா. இண்டைக்கு எடை 1,385.

வெள்ளைப்பனை, பிரம்டன்

கொஞ்ச நாளில சத்தம் குறைஞ்சாலும் ஊசியை நிப்பாட்டாதேங்கோ. வைத்தியர் சொன்ன கடைசி ஊசி வரைக்கும் போடுங்கோ. ரெண்டு நாளைக்கு ஒருக்கா எடையை இங்க எழுதுங்கோ, நான் பாத்துக்கொண்டிருப்பன்.