சாஃப்ட்வேரை டெவலப்பர்கிட்டயே வாங்கினவங்க, ஆப் ஸ்டோர்ல வாங்கினவங்க: நடந்ததைச் சொல்லுங்க

உப்பலவாடி ஆல்பம்
2024 டிசம்பர்ல சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணை ஊருக்குள்ள வந்தது எல்லாருக்கும் தெரியும். என் சிபியு மேஜைக்குக் கீழ இருந்துச்சு, அவ்வளவுதான். படங்க மட்டும் மாடியில வேற டிஸ்க்ல தப்பிச்சுது. ஆல்பம் டிசைன் பண்ற சாஃப்ட்வேர், ஜெர்மனிக்காரர் ஒருத்தர் தனி ஆளா எழுதினது. 2016-ல அவர்கிட்டயே வாங்கினேன். லைசன்ஸ் கீயை (காசு கட்டினதும் சாஃப்ட்வேரைத் திறக்கக் குடுக்கற கோடு) நோட்பேடுல போட்டு, முங்கின சிஸ்டத்துலயே வச்சிருந்தேன்.

ராத்திரி பதினோரு மணிக்கு, கால்ல சேறோட, செல்போன்ல அவருக்கு மெயில் போட்டேன். இருபது நிமிஷத்துல பதில். கீ, டவுன்லோட் லிங்க், வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கீங்களான்னு ஒரு வரி. அதுக்குக் கீழ, 2016-ல நான் எழுதின மெயில் அப்படியே ஒட்டியிருந்துச்சு. நாப்பது யூரோவை இருபது ஆக்க நாலு பாரா பேரம். குறைச்சும் குடுத்திருந்தார் மனுஷன். அந்த மெயிலைத் தேடித்தான் கீயை எடுத்திருக்கார். இன்னும் அதைத் திறந்தா கூசுது.

மிஷன் வீதி டிடிபி
உங்க ஆளு இருந்தாரு, பதில் போட்டாரு அண்ணே. நானும் நேராத்தான் வாங்கினேன், கல்யாணப் பத்திரிகைக்கு பார்டர் போடுற குட்டி சாஃப்ட்வேர். ஹார்ட் டிஸ்க் மாத்தினதும் திரும்ப ஆக்டிவேட் பண்ணச் சொல்லுச்சு. கீ இருக்கு, பில் இருக்கு. பட்டனை அழுத்தினா வட்டம் சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. சர்வரையே மூடிட்டாங்க. சைட் இருந்த இடத்துல ரம்மி விளம்பரம்.

பொண்ணோட அப்பா எதிர்ல ஸ்டூல்ல உட்கார்ந்து அந்த வட்டத்தையே பார்த்துட்டு இருந்தார். "நாள் நெருங்குதே தம்பி"ன்னு ஒரே தடவைதான் சொன்னார். ராவோட ராவா கோரல்டிராவுல கையாலயே பார்டர் போட்டேன்.

செம்மண்டலம் கணக்கர்
என் கதை சின்னது. கார்டு மூணு தடவை ஃபெயில் ஆச்சு, பார்த்தா வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆஃப்ல இருந்துச்சு.

ஆனா நீங்க ரெண்டு பேரும் செஞ்சது தப்பு. கீயைத் தாள்ல எழுதி ரேஷன் கார்டு கவர்ல வைக்கணும். இன்ஸ்டால் ஃபைலை பென்டிரைவ்ல வைக்கணும். கீ போட்டா நெட் இல்லாமலே ஓடுமான்னு வாங்கறதுக்கு முன்னாடியே கேட்கணும். யூரோ விலையை மட்டும் பார்க்காதீங்க, பேங்க் மார்க்கப் (வெளிநாட்டுப் பணமா மாத்த பேங்க் எடுக்கற கூடுதல் காசு) ஏறும், பல இடத்துல 18% ஜிஎஸ்டியும் ஏறும். ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர் வச்சிருக்கவங்க இன்னொண்ணு பாருங்க: 2012 ஜூன்லேர்ந்து மேக் ஆப் ஸ்டோர்ல சாண்ட்பாக்ஸ் (சாஃப்ட்வேர் மத்ததை இஷ்டத்துக்குத் தொடாம அடைச்சு வைக்கற ஏற்பாடு) கட்டாயம். அதனால ஒரே சாஃப்ட்வேர்னாலும் ஸ்டோர் வெர்ஷன்ல சில வசதி இருக்காது, நேரா வாங்கினா இருக்கும். அதோட விலையில ஸ்டோர்காரன் 30% கமிஷன் எடுத்துக்கறான். நேரா வாங்கறதுதான் நியாயம்.

முத்தியால்பேட்டை
எல்லாருக்கும் 30 இல்ல சார். வருஷத்துக்கு பத்து லட்சம் டாலருக்குள்ள வர்ற சின்ன டெவலப்பர் பதிவு பண்ணிக்கிட்டா, 2021-லேர்ந்து ஆப்பிள் எடுக்கறது 15 தான். தொல்லை கமிஷன் இல்ல, அக்கவுண்ட்.

அப்பா ஜாதகம் பார்க்கறவர். தம்பி தன் அக்கவுண்ட்ல ஒரு ஸ்டோர்ல (எதுன்னு விடுங்க) சாஃப்ட்வேர் வாங்கிக் குடுத்துட்டு பாரிஸ் போயிட்டான். தை மாசம், திங்கட்கிழமை காலை ஏழு மணி. ஏழரைக்கு ராகு காலம். தாம்பூலத் தட்டோட ஆள் உட்கார்ந்திருக்காங்க. திறந்தா திரும்ப லாகின் கேக்குது. ஓடிபி தம்பி போனுக்குப் போகுது, அங்க ராத்திரி ரெண்டரை. அப்பா போனைக் காதுல வச்சு ரிங் போறதைக் கேட்டுக்கிட்டே, இன்னொரு கையால பரண்ல இருந்த பஞ்சாங்கத்தை எடுத்தார். ஏழு இருபத்தஞ்சுக்குக் கட்டம் போட்டு முடிச்சிட்டார். தம்பி பத்து மணிக்கு மேல "என்ன விஷயம்"னு மெசேஜ் போட்டான்.

உப்பலவாடி ஆல்பம்
ரேஷன் கார்டு கவர் எல்லாம் சரி சார். நான் கேட்க வந்தது வேற. அந்த மிச்ச இருபது யூரோவை இப்ப அனுப்பினா அவர் தப்பா எடுத்துக்குவாரா?

செம்மண்டலம் கணக்கர்
அனுப்பறதா இருந்தா மார்க்கப் பார்த்துட்டு அனுப்புங்க.