8 ஜிபி சேர்வரில் கூட்டிப் பார்த்தால் 11 ஜிபி: மெமரியை எப்படி அளப்பது?

பம்பலப்பிட்டி_ஷெல்:
கொழும்பில் நாலைந்து கடைகளுக்கான பில்லிங் சேர்வர். சிங்கப்பூர் கிளவுட், உபுண்டு 22.04, 8 ஜிபி, போஸ்ட்கிரெஸ், பிஎச்பி. ஃப்ரீ கொமாண்டில் "ஃப்ரீ" கொலம் 210 எம்பிதான். பிஎஸ் கொமாண்ட் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் காட்டும் ஆர்எஸ்எஸ்ஸை (அது ரேமில் பிடித்திருக்கும் இடம்) கூட்டினால் 11 ஜிபி! டொலரில் மாதாமாதம் கட்டும் டூல் வேண்டாம். மெமரி போதுமா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

கேர்னல்_காகம்:
"ஃப்ரீ" கொலத்தை விடுங்கோ. சும்மா கிடக்கிற மெமரியை லினக்ஸ் ஃபைல் கேஷுக்கு எடுத்துவிடும், தேவைப்பட்டால் விடுவிக்கும். கடைசிக் கொலம் "அவைலபிள்"தான் கணக்கு. கேர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 3.14 முதல் அதுவே மதிப்பிட்டுத் தருகிறது.

11 ஜிபி வந்ததற்குக் காரணம் ஷெயார்ட் பஃபர்ஸ், அதாவது போஸ்ட்கிரெஸ் கனெக்‌ஷன்கள் எல்லாம் பகிரும் கேஷ். மெமரியில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கும், ஆனால் அதைத் தொட்ட ஒவ்வொரு கனெக்‌ஷனின் ஆர்எஸ்எஸ்ஸிலும் ஏறும். 2 ஜிபியை முழுக்கத் தொட்ட 4 கனெக்‌ஷன் இருந்தால் 8 ஜிபி எண்டு காட்டும்.

பகிர்ந்த பக்கங்களைப் பங்குபிரித்து எண்ணுவது பிஎஸ்எஸ். "எஸ்மெம்" பக்கேஜைப் போட்டு ரூட்டாக ஓட்டுங்கோ. இல்லாவிட்டால் மற்ற யூசர்களின் ப்ராசஸ் விடுபடும். எஸ்மெம் வேண்டாமெண்டால் ப்ராக் ஃபோல்டரில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் உள்ள ஸ்மாப்ஸ்_ரோலப் ஃபைலில் பிஎஸ்எஸ் வரியை எடுத்து ஆக்கில் கூட்டலாம். க்ரெப்பில் முக்காற்புள்ளியையும் சேர்த்துத் தேடுங்கோ. பிஎஸ்எஸ்_அனோன், பிஎஸ்எஸ்_ஃபைல் வரிகளும் மாட்டினால் தொகை இரட்டிக்கும்.

பம்பலப்பிட்டி_ஷெல்:
நன்றி அண்ணை. அவைலபிள் 2.9 ஜிபி. ஆனால் ஸ்வொப்பில் (ரேமிலிருந்து டிஸ்க்குக்குத் தள்ளும் இடம்) 600 எம்பி போயிருக்கு, பிரச்சினையா?

ராத்திரி_ஷிஃப்ட்:
ஸ்வொப்பில் கிடப்பது பரவாயில்லை, ஓயாமல் போய்வந்தால்தான் வில்லங்கம். "விஎம்ஸ்டாட் 5" போட்டு எஸ்ஐ (ஸ்வொப்பிலிருந்து திரும்பி வருவது), எஸ்ஓ (ஸ்வொப்புக்குப் போவது) கொலம்களைப் பாருங்க. முதல் வரி பூட் ஆனதிலிருந்து வந்த சராசரி, அதைக் கணக்கில் எடுக்காதீங்க. கடை நேரத்தில் இரண்டும் பூச்சியத்தை ஒட்டி இருந்தால் அந்த 600 எம்பியை மறந்துவிடலாம்.

ப்ராக், ப்ரெஷர், மெமரி என்ற ஃபைலையும் கேட் பண்ணுங்க (கேர்னல் 4.20 முதல் உண்டு). மெமரிக்காக வேலைகள் காத்திருந்த நேரம் எத்தனை சதவீதம் என்று சொல்லும். "ஃபுல்" வரியில் (எல்லா வேலையும் ஒன்றாக நின்ற நேரம்) ஏவிஜி60, அதாவது 60 செக்கன் சராசரி, விடாமல் பூச்சியத்துக்கு மேல் நின்றால் நெருக்கடிதான், அவைலபிள் என்ன சொன்னாலும் சரி.

பழைய நிலவரத்தைப் பதிந்து வைக்க "சிஸ்ஸ்டாட்" பக்கேஜ். ஈடிசி, டிஃபோல்ட் ஃபோல்டரில் சிஸ்ஸ்டாட் ஃபைலில் "எனேபிள்ட்" ஃபோல்ஸ் என்றிருந்தால் ட்ரூ ஆக்கி சேர்விஸை ரீஸ்டார்ட் பண்ணுங்க. பிறகு "சார் -ஆர்" கொமாண்ட் 10 நிமிடத்துக்கு ஒரு வரி மெமரி நிலவரம் தரும். இரண்டு நிமிட ஏற்றம் நடுவில் நழுவும். சிஸ்ஸ்டாட்டை ஓட்டும் சிஸ்டம்டி டைமரின் இடைவெளியைக் குறைக்கலாம், ஆனால் ஓவர்ரைட் ஃபைலில் முதலில் வெற்று ஒன்கலெண்டர் (ஓடும் நேரம்) வரி போடாவிட்டால் பழைய நேரமும் சேர்ந்தே ஓடும்.

சேர்வர் நேரம் யூடிசி என்றால், கடை திறக்கிற 9 மணி நெரிசல் சாரில் 3:30க்கு நிற்கும்.